மார்கழிப் பனிக்குக் கம்பளியா, பருத்திப் போர்வையா?

பாம்பன் பக்கம் விடியலில் படகுப் பலகையைத் தொட்டால் கை நனைந்துவிடும். அந்த மார்கழிப் பனிக்கு எதை வாங்குவது?

விலை: பருத்தி மலிவு.

ஈரம்: இங்கேதான் விஷயமே இருக்கிறது. பருத்தி பனியைக் குடித்து, உடம்போடு ஒட்டி, குளிரைக் கூட்டிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைத் தாங்கும். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோன 1964 டிசம்பர் 22 ராத்திரியும் மார்கழிதான். அப்பத்தா அந்தக் கதையில் காற்றைவிடக் குளிரைத்தான் அதிகம் சொல்லும். நனைந்த நூல்சேலையோடு விடிய விடிய நின்றதாம்.

துவைப்பு: பருத்தி ஒரே வெயிலில் காயும். உப்புத்தண்ணீர் பட்ட கம்பளியோடு மாரடிக்க வேண்டும்.

நீடித்த உழைப்பு: கம்பளிக்குப் பூச்சிதான் எதிரி. வேப்பிலை போட்டு மடித்து வைக்கலாம்.

ராத்திரி கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் ராத்தங்கல் தொழிலுக்குப் போகிறவர் யோசிக்காமல் கம்பளி வாங்கலாம். வீட்டுக்குள் படுப்பவருக்குப் பருத்தியே போதும். திண்ணையில்தான் படுப்பேன் என்றால்? சரி, இரண்டும் வேண்டும்.