பீட்சா ஓவனுக்குக் கூரை போடச் சொன்னோம், தீப்பிடிக்கிற சாமானை வைத்து மூடிவிட்டுப் போனார்

பெங்களூரில் வீட்டுத் தோட்டத்திலோ மொட்டை மாடியிலோ விறகு பீட்சா ஓவன் வைத்திருப்பவர்களும் வைக்கப் போகிறவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு அப்புறம் கூரைக்கு ஆள் கூப்பிடுங்கள். எங்களுக்கு வேலை செய்தவர் கார் ஷெட், மாடி ஷெட் போடுகிற ஃபேப்ரிகேட்டர். ஹொரமாவு, ஹெண்ணூர் பக்கம் நிறைய வீடுகளில் அவர் போட்ட ஷெட் நிற்கிறது. தமிழில் நன்றாகப் பேசுவார், வாய்க்கு வாய் "அக்கா" என்பார். புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயரை எழுதவில்லை. வேலை எப்படி நடந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் அடுப்பு என் கணவரும் ஓசூரிலிருந்து வந்த ஒரு கொத்தனாரும் சேர்ந்து கட்டியது. உள்ளே தீச்செங்கல், அதன் மேல் சூட்டை உள்ளேயே நிறுத்துகிற செராமிக் ஃபைபர் பிளாங்கெட், அதற்கும் மேல் சூடு தாங்கும் வெர்மிகுலைட் கலந்த சிமென்ட் பூச்சு. நன்றாக எரியும்போது உள்ளே 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில்தான் பீட்சா ஒன்றரை நிமிஷத்தில் வெந்து வரும். அப்போதும் டோமின் (அடுப்பின் வளைந்த மேல்பகுதி) முதுகில் தாராளமாகக் கை வைக்கலாம். ஆனால் அடுப்பின் வாயிலிருந்து மேலே எழும் அனலும், சிம்னிக் குழாயில் போகிற புகையும் அப்படியில்லை. கூரைக்கு ஆபத்து இந்த இரண்டு இடத்தில்தான்.

கூரை இல்லாமலும் இருக்க முடியாது. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் காற்றோடு அடிக்கிற மழை இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், சில நாள் ஆலங்கட்டியும் விழும். டோமில் தண்ணீர் இறங்கினால் பிளாங்கெட் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அது காய்வதற்குள் பெரிய நெருப்பு போட்டால் உள்ளே நீராவி கிளம்பி பூச்சு வெடிக்கும். அதனால்தான் நல்ல கூரையாகப் போட வேண்டும் என்று விசாரித்து, என்னென்ன சாமான் வேண்டும் என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். கூரைக்கு 50 மில்லிமீட்டர் ராக்வூல் பேனல், அதாவது இரண்டு தகடுகளுக்கு நடுவே எரியாத கல்நார் வைத்தது. பின்சுவருக்கும் பக்கச் சுவர்களுக்கும் சிமென்ட் போர்டு. கம்பத்துக்கும் சட்டத்துக்கும் இரண்டுக்கு இரண்டு இன்ச் டியூப், 2 மில்லிமீட்டர் கனம். சிம்னி இரட்டைச் சுவர், நடுவில் ராக்வூல், உள்குழாய் 304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அவர் கொட்டேஷனிலும் இதே வார்த்தைகள்தான் இருந்தன. மொத்தம் 2,10,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பாதி அட்வான்ஸ், சாமான் இறங்கியதும் இன்னும் கால் பங்கு.

கம்பம் நட்டு சட்டம் வெல்டிங் செய்கிற வரை எல்லாம் கண் எதிரே நடந்தது. ஒரு கல்யாணத்துக்காக நாங்கள் சேலம் போயிருந்தோம். அந்த நேரமாகப் பார்த்துக் கூரையும் சுவரும் போட்டு, ஸ்க்ரூ அடித்து, ஓரமெல்லாம் சிலிகான் பூசி முடித்துவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் பளபளவென்று அழகாகத்தான் இருந்தது.

முதல் தடவை எரித்த அன்றே ஒரு வாசனை. விறகுப் புகை வாசனை இல்லை, பிளாஸ்டிக் வயர் சூடானால் வருமே, தொண்டையைப் பிடிக்கிற அந்த வாசனை. போன் செய்தேன். "அக்கா, புது பெயின்ட்டு அப்படித்தான் இருக்கும். நாலு தடவை எரிச்சா சரியாயிடும்" என்றார். அடுத்தடுத்து எரித்தபோது சரியாகவில்லை. சிம்னி கூரையைத் துளைத்துப் போகிற இடத்தில், ஷீட்டின் அடிப்பக்கம் வெள்ளை பெயின்ட் பழுப்பாகி, சின்னச் சின்னக் கொப்புளமாக எழும்பியிருந்தது. புகையும் மேலே ஏறாமல் பாதி அடுப்பின் வாய் வழியாகவே திரும்பி வந்தது. பிள்ளைகள் பக்கத்தில் நின்று மாவு தட்டுகிற இடம் அது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

சிவாஜி நகரில் ஹோட்டல் கிச்சன்களுக்குப் புகைக்கூண்டு வேலை செய்யும் ஒரு பெரியவரைத் தெரிந்தவர்கள் மூலம் அழைத்து வந்தோம். அவர் ஏணியில் ஏறி, குழாயைச் சுற்றியிருந்த தகட்டைக் கழற்றினார். இறங்கி வந்ததும் முதலில் சொன்னது: "அம்மா, இனி இதுல ஒரு குச்சி விறகுகூட வைக்காதீங்க."

ராக்வூல் பேனல் என்று காசு வாங்கிய கூரை பஃப் பேனல். இரண்டு தகடுகளுக்கு நடுவே மஞ்சள் நிற பாலியூரித்தேன் நுரை. குழாய்க்கும் பேனலுக்கும் இடையில் இருந்த இடைவெளியையும் டப்பாவில் வருகிற ஸ்பிரே ஃபோமை அடித்து அடைத்திருந்தார்கள். குழாயை ஒட்டிய நுரை ஓரம் கருகிய ரொட்டி மாதிரி, விரலால் தொட்டாலே உதிர்ந்தது. அங்கே ஒரு குழி விழுந்திருந்தது, அதைச் சுற்றி முதலில் கறுப்பு, அப்புறம் காபி நிறம், அப்புறம்தான் நல்ல மஞ்சள். இந்த நுரை எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும். நெருப்பு கண்ணுக்குத் தெரியாமல் இரண்டு தகட்டுக்கு நடுவிலேயே ஓடும். ராக்வூலோ கல்லை உருக்கி இழுத்த நார், அது எரியாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேனலும் ஒன்றுபோல்தான் இருக்கும், வெட்டிய ஓரத்தைப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். அந்த ஓரத்தைத்தான் அவர் தகரப் பட்டி அடித்து மறைத்திருந்தார்.

பின்சுவர் இன்னும் மோசம். வெளியே ஏசிபி ஷீட், உள்ளே ப்ளைவுட். சிமென்ட் போர்டு ஒரு துண்டுகூட இல்லை. சாதாரண ஏசிபி ஷீட்டில் இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவே இருப்பது பாலிஎதிலீன் பிளாஸ்டிக். 2017ல் லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்களே, அந்தக் கட்டடத்தின் வெளிச்சுவரில் தீ அவ்வளவு வேகமாக ஏறியதற்கு இந்த வகை ஷீட்தான் முக்கியக் காரணம். கடை முகப்புக்குப் போடுகிற ஷீட்டை அடுப்புக்குப் பின்னால் போட எப்படி மனசு வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ப்ளைவுட்டில் குழாய்க்கு நேராக உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு ஏறியிருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், பலரும் இதைத் தெரியாமல்தான் ஏமாறுகிறார்கள். மரம் தீப்பிடிக்கச் சாதாரணமாக 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். ஆனால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே மாதக்கணக்கில் வாட்டினால் மரம் மெல்ல மெல்லக் கரியாக மாறும். கரியாகிவிட்ட மரம் முன்னைவிடச் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். அதனால் "பத்து தடவை எரிச்சாச்சு, ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது சொன்னால் அதற்கு அர்த்தமே இல்லை.

சிம்னியும் ஒற்றைச் சுவர்க் குழாய்தான். அமெரிக்காவின் தீப்பாதுகாப்பு அமைப்பான என்எஃப்பிஏ போட்ட 211 விதி ஒற்றைச் சுவர்க் குழாய்க்கும் எரியக்கூடிய எந்தப் பொருளுக்கும் நடுவே 18 அங்குலம் இடைவெளி கேட்கிறது. எங்கள் வீட்டில் அந்த இடைவெளி ஒரு விரல்கூட இல்லை. உயரமும் போதவில்லை. சிம்னி கூரையை விட்டு வெளியே வரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும், சுற்றி 10 அடிக்குள் இருக்கிற சுவரோ கூரையோ எதுவாக இருந்தாலும் அதைவிட 2 அடி மேலே நிற்க வேண்டும். எங்களுடையது பக்கத்து வீட்டு மதில் உயரத்துக்கே வரவில்லை. புகை திரும்பி வந்ததற்கு அதுதான் காரணம். டியூபும் கனம் குறைவு. பெரியவர் ஒரு வெட்டுத் துண்டை அளந்து பார்த்தார், 1.2 மில்லிமீட்டர்.

இதையெல்லாம் படம் எடுத்து ஃபேப்ரிகேட்டருக்கு அனுப்பினோம். அவர் சொன்ன பதில் அப்படியே: "அக்கா, நீங்க நெருப்ப அதிகமா போடறீங்க. அளவா போட்டா ஒண்ணும் ஆவாது." பீட்சா அடுப்பில் அளவாக நெருப்பு போடுவது என்றால் என்ன? கொட்டேஷனில் ராக்வூல் என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டதற்கு, அந்த வாரம் ஸ்டாக் இல்லை, இதுவும் அதே ரேட்டுதான் என்றார். மாற்றித் தர இன்னும் 60,000 கேட்டார். மறுத்ததும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். இதற்கு நடுவில் ஒரு நாள் பெருமழை. கழற்றாமல் விட்டிருந்த பக்கத்தில் குழாய் ஓரமாகவே தண்ணீர் இறங்கி டோம் நனைந்து, பூச்சில் ஒரு ஜாண் நீளத்துக்கு வெடிப்பு.

வேலை கொடுக்கப் போகிறவர்கள் இவற்றை மட்டும் விடாமல் செய்யுங்கள். பேனல் லாரியிலிருந்து இறங்கும்போதே வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், படம் எடுங்கள். ஒரு சின்னத் துண்டு வாங்கி நெருப்பில் காட்டிப் பாருங்கள். ராக்வூல் என்றால் உருகவும் செய்யாது, சொட்டவும் செய்யாது. இரண்டுக்கு இரண்டு டியூப் 2 மில்லிமீட்டர் என்றால் 20 அடி நீளம் சுமார் 18 கிலோ இருக்கும், 1.2 என்றால் 11 கிலோதான். ஒரு டியூபைத் தராசில் வைத்தால் போதும். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து 304 என்று நம்பாதீர்கள், மட்டமான 202லும் ஒட்டாது. பில்லில் கிரேடு எழுதி வாங்குங்கள். முக்கியமாக, சுவரையும் கூரையையும் மூடுகிற அன்று வீட்டில் யாராவது நிற்க வேண்டும், அதுவரை கடைசிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம். "நீங்க இல்லன்னாலும் பசங்க முடிச்சுடுவாங்க" என்று வேலை செய்பவர் சொன்னால் வேலையை நிறுத்தி வையுங்கள். கூரையைக் குழாய் துளைக்கிற இடத்தில் நுரையோ சாதாரண சிலிகானோ படக் கூடாது. அங்கே உலோகத் தகடு, இடைவெளி, அதற்கு மேல் மழைத் தொப்பி, இவ்வளவுதான் இருக்க வேண்டும்.

ஏமாந்துவிட்டால் சும்மா இருக்காதீர்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தோம். எங்கள் ஃபேப்ரிகேட்டர் அதற்கும் பதில் சொல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், அவர் கடை எங்கே இருந்தாலும் சரி. கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்குக் கை கொடுப்பது வாட்ஸ்அப்பில் வந்த அந்தக் கொட்டேஷனும் பணம் போன யுபிஐ ரசீதுகளும்தான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் ஒன்றுமே இருந்திருக்காது.

கூரையையும் சுவரையும் கழற்றியாகிவிட்டது. அந்தப் பெரியவரே இரட்டைச் சுவர்க் குழாய் செய்து தருகிறார், ராக்வூல் பேனல் பீன்யாவிலிருந்து வருகிறது, இந்தத் தடவை லாரி வரும்போது என் கணவர் லீவு போட்டு வீட்டில் இருப்பார். டோமைச் சின்ன நெருப்பாகப் போட்டுக் காயவைத்துக்கொண்டிருக்கிறோம். கருகிய நுரையும் ப்ளைவுட் துண்டும் ஆணையத்தில் காட்டுவதற்காகப் பத்திரமாக இருக்கின்றன. ஹொரமாவு, ஹெண்ணூர், ராமமூர்த்தி நகர் பக்கம் யாராவது இந்த மாதிரி வேலை கொடுத்திருந்தால், மூடுவதற்கு முன் வந்து இவற்றை நேரில் பார்த்துவிட்டுப் போங்கள். உங்கள் கொட்டேஷனையும் எடுத்து வந்தால் என் கணவர் வரி வரியாகப் பார்த்துச் சொல்வார்.