அளவுகோலா, நேர்காணலா: ஆய்வுமுறை உளவியலாளரின் இரு பாதைகள்

கோத்தகிரியிலிருந்து உளவியலில் முதுகலை முடித்து, ஆய்வுமுறையியலையே தம் துறையாகக் கொள்ள விரும்புபவர், முனைவர் பட்டத்திற்கு முன் எண்வழி ஆய்வையோ (வினாத்தாள்வழி அளந்து எண்களில் ஆராய்வது) பண்புவழி ஆய்வையோ (நேர்காணல்களில் மக்கள் சொல்வதை ஆராய்வது) முதன்மையாகத் தேர்ந்தாக வேண்டும்.

எண்வழிப் பாதை, 1932இல் உளவியலாளர் லிக்கர்ட் முன்வைத்த, ‘ஒப்புகிறேன்’ முதல் ‘மறுக்கிறேன்’ வரை படிப்படியாக விடை கேட்கும் அளவுகோலையும், 1951இல் உளவியலாளர் குரோன்பாக் விளக்கிய, ஒரு வினாத்தாளின் கேள்விகள் தம்முள் எவ்வளவு ஒத்துப்போகின்றன எனக் காட்டும் ஆல்ஃபா கெழுவையும் அடித்தளமாகக் கொண்டது. 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, அவற்றில் ஏறத்தாழ 36 விழுக்காடே புள்ளியியல் அடிப்படையில் பொருட்படுத்தத்தக்க (தற்செயல் என எளிதில் தள்ளிவிட முடியாத) முடிவைத் தந்ததால், இப்பாதையில் தேர்ந்தவர்களின் தேவை மேலும் தெளிவாயிற்று. ஆயினும் நீலகிரியில், படுகு, தோடா, கோத்தா, இருளா மொழிகளைப் பேசுவோரிடம் தமிழ் வினாத்தாளை நீட்டிவிட்டு, ‘ஓரளவு ஒப்புகிறேன்’ என்பதை அனைவரும் ஒரே பொருளில் கொள்வர் என எண்ணிவிட முடியாது. மொழிபெயர்த்து, அதை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்து, ஒவ்வொரு மொழிக் குழுவிலும் வினாத்தாள் ஒரேவிதமாக அளக்கிறதா எனச் சோதிக்க வேண்டும். (இந்தச் சோதனையே ஒரு முனைவர் பட்டத்திற்குப் போதும்.)

பண்புவழிப் பாதையில், தேயிலை பறிக்கும் பெண்ணின் ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கவே பல மணி நேரமாகும். கட்டுரைகளும் மெல்லவே வரும். ஆனால் வினாத்தாளில் எதைக் கேட்க வேண்டும் என்பதை அப்பேச்சே காட்டுகிறது. எனவே, எண்வழிப் பாதையில் முனைவர் பட்டம் பெற விரும்புபவரும் முதல் ஆண்டை நேர்காணல்களுக்கே ஒதுக்குவது நல்லது என்பது என் கருத்து.