வீட்டில் குச்சி ஐஸ்: பிளாஸ்டிக் அச்சும் சிலிக்கோன் அச்சும்

கெட்டி பிளாஸ்டிக் அச்சு ஒன்றையும் சிலிக்கோன் அச்சு ஒன்றையும் சில கோடைகளாக மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன். வாங்கிய புதிதில் இரண்டுமே குறை சொல்ல முடியாதபடி இருந்தன. வேறுபாடு அடுத்த கோடையில்தான் வெளிப்பட்டது.

சிலிக்கோன் அச்சிலிருந்து ஐஸைக் கழற்றுவது எளிது. ஆனால் அது நெகிழ்வதால், ஒரு தட்டின் மேல் வைத்த பிறகே கலவையை ஊற்ற வேண்டும். அதைவிடப் பெரிய குறை, ஃப்ரீசரில் இருக்கும் மீன், இஞ்சி பூண்டு விழுது ஆகியவற்றின் வாடையையும் பாலின் கொழுப்பையும் அது மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்வது. சமையல் சோடா கலந்த நீரில் கொதிக்கவிட்டு வெயிலில் காயவைத்தால் வாடை பெருமளவு போகும் என்றாலும், பால் ஐஸுக்குப் பிளாஸ்டிக்கையும் பழ ஐஸுக்குச் சிலிக்கோனையும் ஒதுக்கிவிடுவதே நல்லது என்பது என் முடிவு. பிளாஸ்டிக் அச்சை உறைந்த நிலையில் முறுக்கினால் விளிம்பில் விரிசல் விழும்; குழாய்த் தண்ணீரில் சில நொடிகள் அமிழ்த்திவிட்டுக் குச்சியை நேராக இழுத்தால் ஐஸ் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வெந்நீர் வேண்டவே வேண்டாம், அது ஐஸின் மேற்பரப்பைக் கரைத்துவிடும்.

அச்சு எதுவானாலும் ஐஸின் தரம் சர்க்கரையில்தான் இருக்கிறது. கலவை குளிரும்போது முதலில் உறைவது தண்ணீர் மட்டுமே. சர்க்கரையும் நிறமும் பனிப்படிகங்களுக்கு இடையே பாகாக ஒதுங்கிவிடுகின்றன. அதனால்தான் சர்க்கரை குறைந்த ஐஸை நான்கு முறை உறிஞ்சியதும் இனிப்பெல்லாம் வந்துவிட, குச்சியில் வெறும் வெள்ளைக் கட்டி மிஞ்சுகிறது. அளவு கூடிப்போனாலோ ஐஸ் சரியாக இறுகாமல் குழைந்து நிற்கும். பழத்தின் இயல்பான இனிப்பையும் சேர்த்து, ஒரு லிட்டர் கலவைக்கு 150 முதல் 200 கிராம் வரை சர்க்கரை இருப்பது எனக்குச் சரியாக வருகிறது. நன்கு பழுத்த பங்கனப்பள்ளிக் கூழுக்குச் சிறிதளவு போதும். எலுமிச்சைக்கு முழு அளவும் வேண்டும். குளிர்ச்சியில் நாக்குக்கு இனிப்பு மட்டுப்படும் என்பதால், ஊற்றும்போது கலவை சற்றுத் திகட்டலாகவே இருக்கட்டும்.

வீட்டில் அதிகம் விரும்பப்படுவது சேமியா ஐஸ். அரை லிட்டர் பாலைச் சர்க்கரையுடன் நன்றாகச் சுண்டக் காய்ச்சி, குளிர்ந்த பாலில் கரைத்த ஒரு மேசைக்கரண்டி சோள மாவைச் சேர்த்துக் கிளறினால், மாவு தண்ணீரைப் பிடித்து நிறுத்தி, பெரிய படிகங்கள் உருவாவதைக் குறைக்கிறது. வேகவைத்த சேமியாவை முதலில் அச்சின் அடியில் ஒரு கரண்டி போட்டு, அதன்மேல் ஆறிய பாலை ஊற்றுகிறேன். கழற்றி நிமிர்த்தும்போது, தள்ளுவண்டி ஐஸில் இருப்பது போலவே சேமியா உச்சியில் வந்து நிற்கும். நன்னாரி சர்பத்தில் சப்ஜா விதை சேர்ப்பவர்கள், கலவை பாதி உறைந்த பின் கலந்தால் விதைகள் அடியில் தேங்காது. குச்சியைச் செருகவும் அதுவே தக்க நேரம். அப்போதுதான் அது சாயாமல் நிற்கும்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும் என்பதால் விளிம்புக்குக் கீழே சிறிது இடம் விட வேண்டும். விரைவாக உறைந்தால் படிகங்கள் சிறிதாகி ஐஸ் மென்மையாக இருக்கும். ஆகவே கலவையை முன்கூட்டியே ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, பழைய ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் என்றால் அச்சு ஃப்ரீசரின் தரையை நன்றாகத் தொடும்படியும், ஃப்ராஸ்ட் ஃப்ரீ வகை என்றால் குளிர்காற்று வரும் துளையின் அருகிலும் வைக்கிறேன். மின்வெட்டில் பாதி உருகியதை மறுபடி உறையவைத்தால் நறநறவென்று ஆகிவிடும். அதைச் சர்பத்தாகக் குடித்துவிடுவதே மேல்.

உறைந்தவற்றைக் கழற்றி, பட்டர் பேப்பரில் சுற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் வரை சுவை மாறாது. புதிதாக அச்சு வாங்குபவர்கள், குச்சியும் மூடியும் சேர்ந்த அதன் உயரம் தங்கள் ஃப்ரீசருக்குள் நிற்குமா என்று முதலில் அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ்களில் உயரமான அச்சுகள் பெரும்பாலும் நேராக நிற்பதில்லை.