அப்டேட்டுக்குப் பின் முடங்கிய கணினி: விண்டோஸ் 11 ரெக்கவரி மெனு எவ்வளவு கைகொடுக்கும்?

அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆன லேப்டாப், லோகோவைத் தாண்டாமல் புள்ளிகள் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கடைக்கு எடுத்துப் போனால் பெரும்பாலும் முதல் பதில் "ஓஎஸ் மாத்தணும் சார்" என்பதுதான். பல நேரம் அது தேவையே இல்லை. ஹார்ட் டிஸ்க்கின் ஒரு ஓரத்தில், தனிப் பார்ட்டிஷனில், வின்ஆர்ஈ என்ற ரெக்கவரி மெனு இருக்கிறது. அதுவே ஒரு குட்டி விண்டோஸ். பெரிய விண்டோஸ் படுத்துவிட்டாலும் தனியாகப் பூட் ஆகும். இலவசமாகக் கிடைக்கும் கருவிகளில் முதலில் தொட வேண்டியது இதுதான். ஆனால் இதிலுள்ள எல்லா பட்டனும் ஒரே தரம் இல்லை.

உள்ளே போகும் வழி: லாகின் திரை வரை வந்தால், ஷிஃப்ட் கீயை அழுத்திக்கொண்டே பவர் ஐகானில் ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். அதுவும் வராவிட்டால், லோகோ தெரிந்ததும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு முறை பூட் தடைப்பட்டால், அடுத்த முறை ரெக்கவரி தானாகவே திறக்கும். ஒரு எச்சரிக்கை: திரையில் சதவீதம் ஓடிக்கொண்டிருந்தாலோ, "அன்டூயிங் சேஞ்சஸ்" என்று இருந்தாலோ அணைக்கவே கூடாது. எஸ்எஸ்டி இல்லாத பழைய மெஷினில் அந்த வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். பாதியில் கரண்ட் போனால்தான் உண்மையான சேதம் ஆரம்பிக்கும். சார்ஜரைச் செருகிவிட்டுக் காத்திருங்கள்.

இந்த மெனுவில் மதிப்புள்ள பட்டன் என்றால் "அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்". ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்று போனால் கிடைக்கும். உள்ளே இரண்டு தேர்வுகள். குவாலிட்டி அப்டேட் என்பது மாதாந்திரத் தொகுப்பு. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய், நம் நேரப்படி இரவு 10.30 அல்லது 11.30 மணிக்கு வெளியாகிறது. ஃபீச்சர் அப்டேட் என்பது பதிப்பே மாறுவது. புதன், வியாழன் வாக்கில் மெஷின் கெட்டது என்றால் முதலில் குவாலிட்டியை நீக்கிப் பாருங்கள். உங்கள் ஃபைல்களையும் நீங்கள் போட்ட சாஃப்ட்வேர்களையும் இது தொடாது.

ஃபீச்சர் அப்டேட்டை நீக்கப் பத்து நாள்தான் அவகாசம். சி டிரைவில் இருக்கும் "விண்டோஸ் டாட் ஓல்டு" ஃபோல்டரை வைத்துத்தான் பழைய பதிப்பு திரும்புகிறது. இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் அதை அழித்திருந்தால் அந்தக் கதவு அன்றே மூடிவிட்டது.

நீக்கியதும் பலர் விட்டுவிடும் ஒரு படி உண்டு. விண்டோஸ் திறந்த உடனே செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கம் போய் "பாஸ்" (தற்காலிக நிறுத்தம்) கொடுங்கள். ஐந்து வாரம் வரை நிறுத்தலாம். கொடுக்காவிட்டால் அதே அப்டேட் திரும்ப இறங்கி, அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தும். நீங்கள் நீக்கியதில் பாதுகாப்புத் திருத்தங்களும் சேர்ந்துதான் போயிருக்கின்றன, ஆகவே இதை நிரந்தர ஏற்பாடாக வைக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் "ரிலீஸ் ஹெல்த்" பக்கத்தில் தெரிந்த கோளாறுகளின் பட்டியல் இருக்கிறது. உங்கள் பிரச்சினை தீர்ந்ததாக அங்கே போட்டதும் அப்டேட்டைத் திறந்துவிடுங்கள்.

விண்டோஸ் திறக்கிறது, ஆனால் வைஃபை இல்லை, சவுண்டு இல்லை, திரை மினுக்குகிறது என்றால் சந்தேகம் டிரைவர் மேல்தான், அதாவது அந்தந்தப் பாகத்தை விண்டோஸோடு இணைத்து இயக்கும் சாஃப்ட்வேர் மேல். டிவைஸ் மேனேஜரில் அந்தப் பொருளை வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், டிரைவர் தாவல், "ரோல் பேக் டிரைவர்". அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் டிஸ்கில் இல்லை என்று அர்த்தம். லேப்டாப் கம்பெனி தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிப் போடுங்கள். திரை டிரைவர் கெட்டு ஒன்றுமே தெரியவில்லை என்றால், ரெக்கவரியில் "ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்" போய் 4 அழுத்தினால் அடிப்படை டிரைவர்களோடு மட்டும் திறக்கும் சேஃப் மோட், 5 அழுத்தினால் நெட்வொர்க்கோடு சேஃப் மோட்.

"ஸ்டார்ட்டப் ரிப்பேர்" பூட் ஃபைல் கெட்டிருந்தால் உதவும். அப்டேட் கோளாறுக்கு அதை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை. சிஸ்டத்தை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர் நல்ல வசதி, ஆனால் முன்கூட்டியே ஆன் செய்து வைத்தவர்களுக்கு மட்டும்.

இனி பலர் மாட்டிக்கொள்ளும் இடம். ரெக்கவரிக்குள் போனதும் நீலத் திரையில் 48 இலக்க பிட்லாக்கர் கீ கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் லாகின் செய்த பல விண்டோஸ் 11 மெஷின்களில் டிஸ்க் தானாகவே என்க்ரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது கீ இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது. போனில் அதே அக்கவுன்டைத் திறந்து, டிவைசஸ் பகுதியில் ரெக்கவரி கீயைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால், திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டு எடுங்கள். கீ எங்கேயும் கிடைக்காவிட்டால் டேட்டாவை எந்தக் கடைக்காரராலும் மீட்க முடியாது. மெஷின் நன்றாக ஓடும்போதே அதைத் தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

இந்தக் கருவியின் பெரிய குறை, அது தானே அப்டேட்டால் கெடக்கூடியது. 2025 அக்டோபர் 14 அன்று வந்த தொகுப்புக்குப் பின் விண்டோஸ் 11 மெஷின்களில் ரெக்கவரி திறந்தது, ஆனால் யூஎஸ்பி கீபோர்டும் மவுஸும் அதற்குள் வேலை செய்யவில்லை. மெனு கண்முன் தெரியும், ஒன்றையும் சொடுக்க முடியாது. அக்டோபர் 20 அன்று அவசரத் திருத்தம் வந்தது. அதற்குமுன், 2024 ஜனவரியில் ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இல்லாத விண்டோஸ் 10 மெஷின்களில் அதற்கான அப்டேட் ஏறாமல் 80070643 என்ற பிழை எண்ணோடு நின்றது. மீட்புக் கருவியை இவ்வளவு கவனக்குறைவாகச் சோதித்து அனுப்புவது ஏற்கத்தக்கதே அல்ல.

நல்ல சேர்க்கை ஒன்றும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனத்தின் ஒரு தவறான ஃபைலால் சுமார் 85 லட்சம் மெஷின்கள் முடங்கின; பெரும்பாலும் ஒவ்வொன்றையும் ஆள் போய்த்தான் எழுப்ப வேண்டியிருந்தது. அதன் பிறகு வந்ததுதான் "குவிக் மெஷின் ரெக்கவரி". பூட் ஆகாத மெஷின் ரெக்கவரியிலிருந்தே இணையத்தில் சேர்ந்து, மைக்ரோசாஃப்ட் திருத்தம் வைத்திருந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளும். ஹோம் பதிப்பில் இயல்பாகவே ஆன். பரவலான கோளாறுக்குத்தான் இது பயன்படும். உங்கள் ஒரு மெஷினின் பிரச்சினைக்கு அங்கே மருந்து இருக்காது.

"ரீசெட் திஸ் பிசி" கடைசி வழி. "கீப் மை ஃபைல்ஸ்" கொடுத்தாலும் டேலி, ஃபோட்டோஷாப் போன்ற நீங்கள் போட்ட எல்லா சாஃப்ட்வேரும் போய்விடும். விண்டோஸ் எப்படியோ திறக்கிறது என்றால், செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்தில் "ரீஇன்ஸ்டால் நௌ" கொடுங்கள். ஃபைல், சாஃப்ட்வேர், செட்டிங்ஸ் மூன்றையும் வைத்துக்கொண்டு சிஸ்டம் ஃபைல்களை மட்டும் புதிதாக எழுதும். பல ஜிபி டேட்டா இறங்கும் என்பதால் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் வேண்டாம்.

உள்ளிருக்கும் ரெக்கவரி கெட்டாலும் பிழைக்க ஒரு பென்டிரைவ் தயாராக இருக்கட்டும். ஸ்டார்ட் மெனுவில் "ரெக்கவரி டிரைவ்" என்று தேடினால் கருவி வரும். சிஸ்டம் ஃபைல்களோடு எடுக்கக் குறைந்தது 16 ஜிபி வேண்டும், 32 ஜிபி வாங்குவது நிம்மதி. அதில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். வருடம் ஒருமுறை புதிதாக எடுங்கள். இதற்குப் பதிலாக விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவ் வைத்திருப்பவர்கள், இன்டெல் 11-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர் உள்ள லேப்டாப்பில் டிஸ்க்கே காட்டவில்லை என்றால் எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். பல மாடல்களில் எஸ்எஸ்டியைக் கையாளும் விஎம்டி என்ற இன்டெல் அமைப்பு ஆன் ஆகி இருக்கும், அதற்கான டிரைவர் அந்த பென்டிரைவில் இருக்காது. லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை இறக்கி, விரித்து, அதே பென்டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தால் "லோட் டிரைவர்" கொடுத்ததும் டிஸ்க் தெரியும்.