நேர மண்டலம்: லோக்கல்டைம் கோப்பிலா, டிஇசட் மாறியிலா?

யூனிக்ஸ் கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 1970 ஜனவரி 1 தொடங்கி, யுடிசி என்னும் உலகப் பொது நேரப்படி விநாடிகளை எண்ணிக்கொண்டே போகும், அவ்வளவுதான். அதை உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டுவது நிரல்கள் அழைக்கும் சி நூலகம். அந்த நூலகம் முதலில் டிஇசட் (TZ) என்ற சூழல் மாறியை, அதாவது நிரல்கள் படிக்கும்படி பெயரிட்டு வைக்கும் மதிப்பை, தேடும். அது இல்லாதபோதுதான் இடிசி அடைவிலுள்ள லோக்கல்டைம் கோப்புக்கு வரும். இரண்டும் முரண்பட்டால் டிஇசட் சொல்வதே செல்லும்.

கணினி முழுவதற்கும் என்றால் நான் லோக்கல்டைம் பக்கம்தான். சிஸ்டம்டி என்ற சேவை மேலாளர் உள்ள லினக்ஸில் டைம்டேட்சிடிஎல் கட்டளை போதும். லோக்கல்டைமிலிருந்து மண்டலக் கோப்புக்குக் கையால் சிம்லிங்க் (மூலக் கோப்பைச் சுட்டும் இணைப்பு) போடுவதைத்தான் அதுவும் செய்கிறது. ஆனால் தவறான மண்டலப் பெயரைக் கொடுத்தால் மறுத்துவிடும். ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தில் டிஇசட்செட்டப் கட்டளை பட்டியல் காட்டிக் கேட்கும். மண்டலக் கோப்பை லோக்கல்டைமாக நகலெடுத்து வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அமெரிக்கா 2007-இல் பகலொளி சேமிப்பு நேரத்தின் (கோடைக்காக கடிகாரத்தை ஒரு மணி முன்தள்ளுவது) தொடக்கத்தை ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்கு மாற்றியது. இப்படி விதி மாறும்போது மண்டல விதிகள் அடங்கிய டிஇசட்டேட்டா தொகுப்பைப் புதுப்பித்தாலும் பழைய நகல் பழைய கணக்கையே காட்டும். சிம்லிங்க்குக்கு அந்தத் தொல்லை இல்லை. எப்படி மாற்றினாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளை மறுதொடக்கம் செய்யுங்கள். அவற்றில் பல, தொடங்கியபோது படித்த மண்டலத்தையே வைத்திருக்கும்.

ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாதவருக்கும், ஒரே ஒரு கட்டளையை வேறு ஊர் நேரத்தில் ஓட்டிப் பார்ப்பவருக்கும் டிஇசட் அருமையான வசதி. ஆனால் எழுத்துப் பிழையை அது மன்னித்துவிடுகிறது, அதுதான் ஆபத்து. 'ஏசியா/டோக்கியோ' என்பதில் ஊர்ப் பெயரைத் தவறாக எழுதி லினக்ஸில் டேட் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பிழைச் செய்தி வராது. யுடிசி நேரம் வரும், பக்கத்தில் மண்டலப் பெயராக 'ஏசியா' என்று மட்டும் நிற்கும். அவசரத்தில் பார்ப்பவர் சரியென்றே நம்பிவிடுவார். எண்களாக எழுதுவது இன்னும் மோசம்: 'யுடிசி+5' என்றால் ஐந்து மணி நேரம் முன்னால் அல்ல, பின்னால். யூனிக்ஸ் அமைப்புகளுக்கான போசிக்ஸ் தரத்தில் குறி தலைகீழ். மண்டலத்தை ஊர்ப் பெயராலேயே எழுதுங்கள்.

சர்வர்களுக்கு என் பரிந்துரை யுடிசி. உள்ளூர் நேரத்தில் ஓடும் நியூயார்க் சர்வரில் ஒவ்வொரு நவம்பரிலும் பகலொளி சேமிப்பு நேரம் முடியும் இரவில் ஒரு மணி முதல் இரண்டு மணி வரை இருமுறை வரும். மண்டலக் குறிப்பு இல்லாத பதிவுக் கோப்பில் 1:30 என்று கண்டால் அது முதல் முறையா, இரண்டாம் முறையா என்று அந்த வரியை வைத்து மட்டும் சொல்ல முடியாது.