காசு வாங்கிக்கொண்டு காவலைக் கழற்றிவிட்டுப் போனார்கள்

ஆர்டுயினோ, இஎஸ்பி32 மாதிரி கோடு எழுதி ஓட்டுகிற குட்டி கம்ப்யூட்டர் போர்டு வேலைக்கு 'புரொஃபெஷனல் சப்போர்ட்' என்று பார்த்ததும் பணம் கட்டப்போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். நான் கட்டி ஏமாந்தவன்.

தண்ணீர்த் தொட்டிக்கு நானே செய்த கன்ட்ரோலர். ஒரு இஎஸ்பி32 போர்டு, மோட்டாரை ஆன், ஆஃப் செய்ய ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்), மட்டம் பார்க்க ஒரு சென்சார். மேசையில் ஒழுங்காக ஓடியது. சுவரில் மாட்டியதும், ரிலே 'டக்' என்று அடிக்கும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆனது. போர்டு அனுப்பும் செய்திகளைக் கம்ப்யூட்டரில் காட்டும் சீரியல் மானிட்டரில் எப்போதும் ஒரே வரி: 'பிரவுன்அவுட் டிடெக்டர் வாஸ் டிரிக்கர்ட்'.

இதற்கான கோடெல்லாம் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் ஓப்பன் சோர்ஸ். அதன் லைசென்ஸிலேயே உத்தரவாதம் எதுவும் கிடையாது என்று எழுதியிருக்கும். காசு கொடுத்தாவது பொறுப்பேற்கிற ஆளைப் பிடிப்போம் என்றுதான் அந்த சப்போர்ட்காரர்களிடம் போனேன். முழுப் பணமும் முன்கூட்டியே. சர்க்யூட் படம், கோடு, அந்த எரர் வரி எல்லாவற்றையும் அனுப்பினேன். லைப்ரரியை (கோடில் சேர்த்திருக்கும் ரெடிமேட் கோடுத் தொகுப்பை) அப்டேட் செய்யுங்கள் என்றார்கள், செய்தேன். போர்டு போலி, வேறு வாங்குங்கள் என்றார்கள், வாங்கினேன். புதுசும் அதே இடத்தில் விழுந்தது. பவர் எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து 'ஃபிக்ஸ்' வந்தது. கோடின் தொடக்கத்தில் சேர்க்க ஒரே ஒரு வரி. ரீசெட் நின்றது. நானும் வாயெல்லாம் பல்லாக நன்றி எழுதி அனுப்பினேன். என் புகாரை, அவர்கள் பாஷையில் டிக்கெட்டை, மூடிவிட்டார்கள்.

நான்காம் நாள் விடிகாலையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். தொட்டி நிரம்பி வழிந்து மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தது. போர்டு அப்படியே உறைந்து கிடக்கிறது, ரிலே ஆனில். (தொட்டி நிரம்பினால் தானே மோட்டாரை நிறுத்தும் ஒரு மிதவை ஸ்விட்சைத் தனியாக வைக்காதது என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.)

அதன்பிறகுதான் அந்த வரி என்னவென்று தேடினேன். பிரவுன்அவுட் டிடெக்டரையே அணைக்கிற வரி! வோல்டேஜ் இறங்கினால் சிப் தாறுமாறாக ஓடாமல் ரீசெட் செய்வதுதான் அதன் வேலை. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரை உடைத்த வைத்தியம்.

போர்டு ரிப்பேர் பார்க்கும் நண்பரிடம் படத்தைக் காட்டினேன். அவருடைய முதல் கேள்வியே, "கேபிள் எவ்வளவு நீளம்?" மூன்று மீட்டர், மெல்லிய சார்ஜர் கேபிள். வைஃபை அனுப்பும் நேரத்தில் சிப் 240 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுக்கும். சப்ளை 500 மில்லிஆம்பியராவது தர வேண்டும் என்று சிப் தயாரிப்பாளரே சொல்கிறார். அதே கம்பியில் ரிலேவுக்குள் இருக்கும் கம்பிச்சுருளும் தொங்கினால் 5 வோல்ட் எங்கே நிற்கும்? குட்டைக் கேபிள், ரிலேவுக்குத் தனி சப்ளை, 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே திடீர் இழுப்பைத் தாங்க, கொஞ்சம் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். அந்த வரியையும் தூக்கிவிட்டோம். இதுவரை ஒரு ரீசெட்கூட இல்லை.

பணம் கட்டுமுன் பிரச்சினையை எழுதி அனுப்பிவிட்டு, அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பாருங்கள். சப்ளை, வயரிங், லோடு பற்றிக் கேள்வியே வராமல் பில் மட்டும் வந்தால் விலகிவிடுங்கள். அனுப்பும் ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 'பிரச்சினை தீர்ந்ததாக நீங்களே உறுதி செய்திருக்கிறீர்கள்' என்று பதில் வந்தது. கீழே, நான் அனுப்பிய அதே நன்றிக் கடிதம்.