பேராதனை விடுதிக்கு: ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போவதா, அங்கே போய் வாங்குவதா?

கம்பஸ் கிடைத்து, விடுதியும் உறுதி என்றதும் நம் யாழ்ப்பாணத்து வீடுகளில் ஆளுக்கொரு பக்கம் சாமான் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஒருவர் "எல்லாத்தையும் இங்கேயே வாங்கிக் கட்டு" என்பார், இன்னொருவர் "காசைக் குடுத்து விடு, அங்க கடை இல்லையோ" என்பார். இரண்டிலும் பாதி சரி. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போகிற தம்பி தங்கச்சிமாரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். கிளிநொச்சிக் கம்பஸுக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் பார்ப்பது ஒன்றுதான்: இந்தச் சாமானை யார் தூக்கப் போகிறார்கள்? யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதி வழியே கண்டிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல், கண்டியில் இறங்கிப் பேராதனைக்கு இன்னொரு பஸ், அதற்குப் பிறகு ஹந்தானை மலை அடிவாரத்து ஏற்றமும் படிகளும். முதல் நாள் அப்பா வான் பிடித்துக் கொண்டுபோய் விடுவார், சரி. அறை மாறச் சொல்லும்போதும், விடுமுறைக்கு அறையைக் காலி செய்யும்போதும் நீங்கள் தனியாகத்தான் நிற்பீர்கள். ஆகவே நீங்களே ஒரே தடவையில் தூக்கக்கூடியதை மட்டும் கட்டுங்கள்.

அப்படிப் பார்த்தால் பெரிய சூட்கேஸ் முதலிலேயே அடிபட்டுப் போகிறது. சில்லு இருக்கிறதே என்பீர்கள். சில்லு சமதரையில் உருளும், படியில் உருளாது. தோளில் மாட்டுகிற பை ஒன்றும் கையில் பிடிக்கிற பயண பாக் ஒன்றும்தான் என் தெரிவு. சூட்கேஸுக்கு ஒரு நல்ல பக்கம் இருக்கிறது, மறைக்கத் தேவையில்லை: அறையில் பூட்டுப் போடக்கூடிய அலுமாரி இல்லாவிட்டால் அதுவே அலுமாரி. அலுமாரி இருக்கிறதா என்று அதே விடுதியில் இருக்கும் சீனியர் ஒருவரிடம் போனில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எப்படியும் நல்ல ஆமைப்பூட்டு ஒன்று, இரண்டு திறப்போடு, இங்கிருந்தே போகட்டும்.

உடுப்பில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் நாங்கள் யாழ்ப்பாணத்து வெயிலில் பழகியவர்கள். இங்கே காலையில் தோய்த்துப் போட்டால் மத்தியானம் மடிக்கலாம். அங்கே மழை பிடித்தால் உடுப்பு நாள் கணக்கில் ஈரமாகவே தொங்கும். தடித்த ஜீன்ஸ் மூன்றா, மெல்லிய துணிக் காற்சட்டை நான்கா என்றால் யோசிக்காமல் மெல்லியதை எடுங்கள். துவாயும் அப்படித்தான். பூப்போட்ட தடித்த துவாய் பார்க்க அழகு, ஆனால் கதவின் பின்னால் இரண்டு நாள் ஈரத்தோடு தொங்கினால் அதன் மணத்தோடு முகம் துடைக்க முடியாது. மெல்லிய துவாய் இரண்டு இருந்தால் மாறி மாறிப் பாவிக்கலாம். போர்வை கட்டாயம் வேண்டும், மார்கழி தையில் இரவுக் குளிர் 20 பாகைக்குக் கீழே இறங்கும், அதற்காகக் கம்பளியைக் கட்டாதீர்கள். நடுத்தரமான போர்வையும் ஒரு ஸ்வெற்றரும் சேர்ந்து அந்த வேலையைச் செய்யும், ஸ்வெற்றரை விரிவுரைக்கும் போட்டுக்கொண்டு போகலாம்.

வாளி, கோப்பை, உடுப்புக் கொழுவி, தும்புத்தடி இதெல்லாம் அங்கே வாங்குங்கள். சவர்க்காரமும் அங்கேயே. நம்மூர்க் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் வெட்டியவை, தண்ணீரில் கல்சியம் அதிகம், அதனால் எவ்வளவு தேய்த்தாலும் நுரை வராது, சவர்க்காரம் கரைந்துகொண்டே போகும். அங்கத்தைய மென்தண்ணீரில் கொஞ்சம் போட்டாலே நுரைத்துவிடும். வீட்டுக் கணக்கில் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோனால் சும்மா பாரம்.

மின்சாரக் கேத்தலா, பிளாஸ்க்கா? இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். முதலில், விடுதியில் கேத்தலுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் பேச்சு முடிந்தது. அனுமதி இருந்தாலும் அறையில் இருக்கும் பிளக் பொயின்ற்றைப் பாருங்கள். நம் நாட்டு அறைகளில் பெரும்பாலும் இரண்டு வகை இருக்கிறது: புதியது சதுரக் கால் 13 அம்பியர், பழையது வட்டக் கால் 5 அம்பியர். 230 வோல்ற்றில் 5 அம்பியர் என்றால் 1150 வாற் வரைதான் தாங்கும். கடையில் கிடைக்கும் கேத்தல்களில் பெரும்பாலானவை 1500 வாற் அல்லது அதற்கு மேல். அதைக் கொண்டுபோய் அடப்டர் போட்டு 5 அம்பியர் பொயின்ற்றில் குத்தினால் பொயின்ற் சூடாகும், வயர் இளகும். அதே மல்டிபிளக்கில் பக்கத்துக் கட்டில்காரரின் லப்டொப்பும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு அறையில் பல பேர் படுக்கிற இடத்தில் இந்த விளையாட்டு வேண்டாம். நல்ல எவர்சில்வர் பிளாஸ்க் ஒன்றில் கன்ரீனில் சுடுதண்ணீர் பிடித்து வைத்தால் இரவு படிக்கும்போது பிளேன்ரீக்குப் போதும். என் வாக்கு பிளாஸ்க்குக்கு. மல்டிபிளக்கை மட்டும் மலிவு பார்த்து வாங்காதீர்கள், பியூஸ் உள்ள சதுரக் கால் ஒன்றாகப் பார்த்து எடுங்கள்.

நுளம்புக்கு வலையா, சுருளா? வலைதான். சுருள் புகை உங்களுக்குப் பழக்கமாக இருக்கலாம், பக்கத்துக் கட்டிலில் ஈழை உள்ள பிள்ளை இருந்தால் அது பாவம். டெங்கு நுளம்பு கடிப்பது பகலில்தானே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான், ஆனால் விடியவிடியப் படித்துவிட்டுப் பகலில் படுக்கிறவர்கள் கம்பஸில்தான் அதிகம். மேலும் கீழுமாக இரண்டு தட்டுக் கட்டில் என்றால் நாலு மூலை கட்டுகிற வலை வாங்குங்கள், மேல்தட்டுச் சட்டத்திலேயே கட்டிவிடலாம். ஒரு கொழுவியில் தொங்குகிற வட்ட வலைக்குக் கூரையில் கொழுவி வேண்டும், அது அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இனிச் சாப்பாடு. இங்கேதான் "எல்லாம் அங்கே வாங்கலாம்" என்ற கட்சி தோற்கிறது. சிங்களச் சமையலில் கறித்தூள் வேறு, மிளகாய்த்தூள் வேறு. மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் வறுத்து ஒன்றாகத் திரித்த நம் தூளுக்கு அது ஈடாகாது. ஆனால் சமைக்க விடாத விடுதிக்குக் கிலோக்கணக்கில் தூள் எதற்கு? பொரித்துச் சாப்பிட வேண்டிய மோர்மிளகாய் எதற்கு? சமைக்க முடியாது என்றால் நன்றாக ஈரம் போக வதக்கிய மாசிச் சம்பலும் தேசிக்காய் ஊறுகாயும் கொண்டுபோங்கள், கன்ரீன் சோற்றுக்கும் பருப்புக்கும் அவை உயிர் கொடுக்கும். தேங்காய் போட்ட இடிச்ச சம்பல் ருசிதான், ஆனால் அதிக நாள் நிற்காது, முதல் வாரத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

தின்பண்டத்தில் பருத்தித்துறை வடைக்கும் எள்ளுருண்டைக்கும் இடையில் நான் எள்ளுருண்டைப் பக்கம். அந்த ஈரக் காற்றில் வடைப் பையைத் திறந்து வைத்தால் மொறுமொறுப்புப் போய்த் துணி மாதிரி வளையும், இறுக்க மூடுகிற தகர டப்பா இருந்தால்தான் வடை. அவித்துக் காயவைத்த பனங்கிழங்கான புழுக்கொடியலுக்கும் அதே டப்பா வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஆனால் அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள், அறையில் தெற்கிலிருந்து வந்த பிள்ளை ஒன்று இருந்தால் புழுக்கொடியலைக் கடித்தபடியே பேச்சு தொடங்கிவிடும்.

பத்திரங்களில் போட்டி ஒன்றும் இல்லை: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், உயர்தரப் பெறுபேறு, அனுமதிக் கடிதம். மூலப் பிரதி தோள் பையில், போட்டோக் கொப்பி மற்றப் பையில். பஸ்ஸின் பின்பெட்டியில் போகிற பாக்கில் மூலப் பிரதியை வைக்காதீர்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகருக்குப் போகிறவர்களுக்கு இந்தப் பாடு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பெரிய தூரமில்லை, சனிக்கிழமை வீட்டுக்கு வந்து மறந்ததை எடுத்துக்கொண்டு போகலாம். முதல் தடவை ஒரே ஒரு பையோடு போங்கள். ஸ்வெற்றரை வீட்டிலேயே விட்டுவிட்டு அந்த இடத்தில் சின்ன மேசை விசிறி ஒன்றை வையுங்கள், அந்த வெக்கைக்கு அதுதான் தேவை.